ஒடீலின் மார்த்தேன் தாத்தா

வெள்ளிக்கிழமை எல்லாரும் தங்கள் குடும்ப மரத்தை வகுப்பில் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து ஒருவரையும் அழைத்து வர வேண்டும்.

டாயில் ஆசிரியை ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மரம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. உச்சியில் ஒரு கோடு. அதில் குடும்பப் பெயரை எழுத வேண்டும்.

கமலினியின் பக்கத்தில் ஒடீல் லாஃப்ளர் இருந்தாள். கனடாவின் கியூபெக்கிலிருந்து மெல்பனுக்குப் புதிதாக வந்தவள். கமலினி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது.

“யாரைக் கூட்டி வருவாய்?” என்று கமலினி கேட்டாள்.

“அர்மான் தாத்தாவை. என் தாத்தாவின் தம்பி. இங்கே டிராம் ஓட்டுகிறார். இப்போதே சப்பாத்துக்கு மெருகு போட்டுவிட்டார்.”

கிரெக் ஸ்மித் அவள் தாளை எட்டிப் பார்த்தான். “அர்மான் மார்த்தேனா? நீ லாஃப்ளர். அவர் உன் சொந்தமே இல்லை.”

“சொந்தம்தான்.”

“பிறகு ஏன் வேறு பெயர்?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒடீல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், “தாத்தாவை வர வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்” என்றாள்.

“மெருகு போட்ட சப்பாத்து?”

ஒடீல் வேகமாக நடந்தாள். கமலினி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

“உண்மையில் ஏன் இரண்டு பெயர்?”

“எங்கள் முன்னோர் ஒருவர் படைவீரர். படையில் நிறைய மார்த்தேன்கள். அதனால் அடையாளத்துக்கு ஒரு பட்டப்பெயர் சேர்த்து இவரை ‘லாஃப்ளர் என்கிற மார்த்தேன்’ என்றார்கள். பிறகு குடும்பத்தில் சிலர் ஒன்றை வைத்துக்கொண்டார்கள், சிலர் மற்றதை. தாத்தா லாஃப்ளர். அவருடைய தம்பி மார்த்தேன்.”

“இதை வகுப்பில் சொல்லேன்.”

“இன்னும் சிரிப்பார்கள். உனக்கென்ன, உன் மரம் ஒழுங்காக இருக்கிறது.”

கமலினிக்கு முகம் சூடானது.

வீட்டில் தன் தாளை எடுத்தாள். அப்பா எட்டிப் பார்த்தார்.

“தாத்தான்ர பேர் என்ன எழுதியிருக்கிறாய்?”

“நாகலிங்கம் சிவபாலன்.”

“என்ர அப்பாவுக்குப் பின்னால என்ர பேரோ? அப்ப நான் அவரைப் பெத்தனானோ?”

“எல்லாருக்கும் ஒரே பேர் இல்லாட்டி கிரெக் சிரிப்பான், அப்பா.”

“ஓம், சிரிப்பான். இதைப் பார்த்து நானே சிரிக்கிறன்.”

கமலினி அழிறப்பரை எடுத்தாள்.

மறுநாள் ஒடீலிடம், “தாத்தாவிடம் சொல்லிவிட்டாயா?” என்று கேட்டாள்.

“இன்று மாலை சொல்வேன்.”

“சொல்லாதே. நான் முதலில் பேசுகிறேன். அவர்களுடைய சிரிப்பெல்லாம் என்னிடமே தீர்ந்துவிடும்.”

வெள்ளிக்கிழமை வகுப்பின் பின்னால், கமலினியின் அப்பாவுக்குப் பக்கத்தில், அர்மான் தாத்தா சின்ன நாற்காலியில் சிரமப்பட்டு உட்கார்ந்திருந்தார். சப்பாத்து பளபளத்தது.

கமலினி முன்னால் போய் நின்றாள். அவளுடைய மரத்தின் உச்சியில் எதுவும் இல்லை.

“நான் கமலினி சிவபாலன். அப்பா சிவபாலன் நாகலிங்கம். தாத்தா நாகலிங்கம் வேலுப்பிள்ளை. எங்களுக்கு அப்பாவின் பெயர்தான் பின்னால் வரும். அதனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு.”

“அப்படியென்றால் நீங்கள் ஒரே குடும்பம் என்று எப்படித் தெரியும்?” என்று கிரெக் கேட்டான்.

கமலினி யோசித்தாள். “எல்லாருக்கும் ஒரே குளியலறை. காலையில் சண்டை வரும்.”

வகுப்பு சிரித்தது. பின்னால் அர்மான் தாத்தாதான் அதிகம் சிரித்தார்.

“அடுத்து யார்?” என்றார் ஆசிரியை.

ஒடீல் மடித்த தாளை விரித்தாள். கோட்டின் மேல் இரண்டு பெயர்களையும் எழுதினாள். தாத்தாவின் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தாள். படைவீரரின் கதையை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக கிரெக்கின் மரம். கீழிருந்து மேல்வரை ஸ்மித், ஸ்மித், ஸ்மித்.

“எங்கள் வீட்டில் பெயருக்காக யாரும் மெனக்கெடவே இல்லை” என்றான் அவன்.

அர்மான் தாத்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். “கேள்விக்காரன் என்கிற ஸ்மித்” என்றார்.

கிரெக் பென்சிலை எடுத்து அதைக் கோட்டின் மேல் எழுதினான்.