சிவப்பு வளையம்

மிளகாய்க்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குச் சிவக்கும். அதனால்தான் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது. அன்று மூக்கோடு காதும் சிவந்திருந்தது.

பின்னே? நியாயமா இது?

இரண்டு வருடமாக மழை இல்லை. தெருக்கோடிக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். பக்கத்துப் பழைய கட்டடத்தில் புதிதாகச் சில குடும்பங்கள் தங்கியிருந்தன. கடல் ஏறி வந்து அவர்களுடைய வீடுகளை விழுங்கிவிட்டது. அவர்களும் இதே குழாய்க்குத்தான் வந்தார்கள். முந்தாநாள் வாய்ச்சண்டை கைகலப்பாகி, ஒருவருக்கு மண்டை உடைந்தது.

உடனே தெருச் சங்கத் தலைவர் உத்தரவு போட்டார். தெருக்காரர்களின் குடங்களுக்கெல்லாம் சிவப்பு வளையம். வளையம் இல்லாத குடத்துக்குத் தண்ணீர் கிடையாது. காவலுக்கு ஒரு தடிக்காரர் நிற்பார். எல்லாமே ஒரே கடையில் வாங்கிய நீலக் குடங்கள், வேறு எப்படி அடையாளம் தெரியும்?

வளையம் போடும் வேலை, பெயர்ப்பலகை எழுதும் மிளகாயின் அப்பாவிடம் வந்தது.

மிளகாய் தூரிகையைத் தொட மாட்டேன் என்றாள். புதுக் குடும்பத்துப் பெண் நண்டுதான் வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இடம். அன்று நண்டின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தன் பங்குத் தண்ணீரைத் தம்பிப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"மழை பெய்யாததுக்கு நண்டு என்னப்பா பண்ணுவா?"

அப்பா குடத்தைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு மட்டும் பிடிச்சா செய்றேன்? நாளைக்கும் இந்தத் தெருவுலதானே குடியிருக்கணும்."

உலகம் சூடாகிக்கொண்டே போகிறது, அதனால் ஓரிடத்தில் கடல் ஏறும், ஓரிடத்தில் மழை பொய்க்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தண்ணீர் குறைந்தால் நாட்டுக்கு நாடு சண்டை வரலாம் என்றும் சொல்லியிருந்தார். நாடு என்ன நாடு, இங்கே குழாயடியிலேயே வந்துவிட்டதே!

சாயங்காலம் டப்பாவில் மிச்சமிருந்த பெயின்டை எடுத்துக்கொண்டு மிளகாய் கிளம்பினாள். அப்பா பார்த்தார். பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை குழாயடியில் தடிக்காரர் திருதிருவென விழித்தார். வரிசையில் நின்ற அத்தனை குடத்திலும் சிவப்பு வளையம்! தலைவர் வீட்டம்மா தன் குடம் என்று ஒன்றை இடுப்பில் வைத்தார். அது நண்டின் குடம்.

"யார் பார்த்த வேலை இது?" என்று தலைவர் கத்தினார்.

"நான்தான், மாமா," என்றாள் மிளகாய். "அவங்க வீட்டைக் கடல் எடுத்துக்கிச்சு. குடிக்கிற தண்ணிய நாம எடுத்துக்கலாமா?"

"எல்லாருக்கும் எப்படிம்மா போதும்?" என்றார் தலைவர்.

அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். முதலில் வருபவர் நாலைந்து குடம் நிரப்பிக்கொண்டு போகிறார், கடைசியில் நிற்பவருக்குக் காற்றுதான் வருகிறது. முதல் சுற்றில் வீட்டுக்கு ஒரு குடம், அதிலும் ஒரே அளவு என்றால் எல்லாருக்கும் கிடைக்குமே என்றாள்.

"அண்ணா, அந்தத் தடியக் குடுங்க. முதல்ல நல்லாக் கழுவுங்க."

தடிக்காரர் கழுவிக் கொடுத்தார். அவள் அதைக் குடத்துக்குள் நிறுத்தி, குடத்தின் முக்கால் உயரத்துக்குத் தடியில் ஓர் ஆணியால் கோடு கீறினாள். தலைவர் வீட்டம்மா இடுப்பிலிருந்த குடத்தை இறக்கிக் குழாயடியில் வைத்தார். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் அதைத் தூக்கி நண்டிடம் கொடுத்தார்.

கடைசிக் குடமும் கோடு வரை நிறைந்த பிறகுதான் குழாய் நின்றது.

"எனக்கும் முக்கால்தானா?" என்று முனகினார் தலைவர்.

"நண்டுக்கும் முக்கால்தான், மாமா."

அன்றிலிருந்து அந்தத் தடியை யாரும் யார்மேலும் ஓங்கவில்லை. தினமும் காலையில் அது நனைந்தபடியே இருந்தது.