ஆணியில் மிஞ்சிய கத்தி

சாராயக்கடைக் கதவின் அரக்குச் சீலை உடைத்த அன்று அங்கே இருந்தவர்கள்: கடையை ஏலம் எடுத்த ஆலங்காயம் ஆதிநாராயணன், கூலிக்குப் பெருக்க வந்த மலைக்காரி கன்னியம்மாள், பழைய இரவுக் காவலாளியான நான். மூன்றே பேர்.

ஜவ்வாது மலையில் காட்டோரமாக நின்ற கட்டடம் அது. வெள்ளைக்காரத் துரை ஒருவன் குடிப்பதற்கென்றே கட்டியது. கருங்கல் சுவர், கம்பி போட்ட சன்னல், ஒரே கதவு. குடித்துக் குடித்து அவன் அங்கேயே செத்தான். அப்புறம் புளி மண்டி. எழுபத்தொன்றில் சாராயக்கடை. குடிக்க வருகிறவன் கத்தியை வெளி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். போதையில் வெட்டிக்கொள்ளக் கூடாதே.

எழுபத்துநாலில் கடையை மூடி, சன்னலுக்குப் பலகை அடித்துச் சீல் வைத்தார்கள். அன்று ஆணியில் ஒரு கத்தி மிஞ்சியது. எவனோ மறந்துவிட்டான் என்று விட்டுவிட்டேன்.

முதல் இரவே உள்ளிருந்து தட்டும் சத்தம். மும்மூன்றாக. கூடவே ஒரு முனகல்.

துரையின் பேய் என்று நினைத்தேன். நாலாம் நாள் வேலையை விட்டு ஓடினேன். ஊரெல்லாம் சொன்னேன். ஏழு வருஷம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது கன்னியம்மாள் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க வூட்டுக்காரரு கத்தி. பெங்களூருக்கு ஓடிட்டாருன்னு சொன்னீங்களே எல்லாரும்?"

பிடியில் பித்தளைக் கம்பி சுற்றியிருந்தது. அலகில் துரு இல்லை. அப்போதுதான் தீட்டியதுபோல் இருந்தது.

ஆதிநாராயணன் பூட்டைத் திறந்தார். புளித்த நெடி. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு.

"யோவ், தொரை உன் கூட்டாளியாச்சே, முன்னாடி போ. நான் ஜீப்புலருந்து டார்ச் எடுத்துனு வர்றேன்."

போனேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கதவடியிலேயே எலும்புகள். கதவின் உட்புறம் முழுக்க நகக்கீறல்.

வாசலில் கன்னியம்மாள் நின்றாள்.

"எத்தினி நாள் தட்டுனாரு?"

"மூணு நாள். அதுக்கப்புறம் நான் இல்ல."

"நீ இன்னா பண்ண?"

"பேய்னு நெனச்சேன்மா."

அவள் அழவில்லை. கதவை இழுத்துச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

பாய்ந்து போய்த் தட்டினேன். கத்தப் பார்த்தேன், தொண்டையிலிருந்து முனகல்தான் வந்தது.

கை வலித்தது. தட்டுவதை நிறுத்தினேன்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

என் தோளுக்குப் பக்கத்தில், மும்மூன்றாக.

வெளியே ஆதிநாராயணன் குரல். "இன்னாம்மா, உள்ள யாரு தட்றது? காவக்காரன் எங்க?"

"அவரு பயந்து ஓடிட்டாருங்க. அது தொரையோட பேய்."

பூட்டு அழுந்தியது.