கண் இமைக்காதவள்

மகள் செருகிவிட்ட ரோஜா அம்மாவின் கூந்தலில் வாடவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வைத்த பூ. வாரம் ஒன்று போயும் அப்போதுதான் பறித்ததுபோல ஈரம் மணத்தது. அந்த மணம் அடுப்பில் பொங்கும் பாலின் வாசனையையும், உள்ளறையில் காய்ச்சலில் கிடந்த மகளின் தைல நெடியையும் தள்ளிக்கொண்டு வீடெங்கும் நகர்ந்தது.

அவள் கணவன் நாடகக் குழுவின் ஒப்பனைக்காரன். தேவர் வேஷம் போடுகிறவர்களிடம் பல வருஷமாக ஒரே பாட்டு: "தேவர்களுக்குச் சாவு கிடையாதுடா. கண் இமைக்காது, வேர்க்காது, கால் தரையில படாது, போட்ட மாலை வாடாது. நீ என்னடான்னா குடம் குடமா வேர்க்கிற!"

"முதல்ல ஃபேனைப் போடுங்கண்ணே, அப்புறமா சாகாம இருக்கேன்" என்பான் இந்திரன் வேஷக்காரன்.

மனைவிக்கு மூச்சு அடங்கியபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலைக் கட்டிக்கொண்டு அந்தத் தேவர்களைத்தான் கூப்பிட்டான். "உங்க சாகாவரத்துல ஒரு சொட்டு இவளுக்குக் குடுங்க." அவள் கண்ணைத் திறந்தாள். திறந்த கண் பிறகு மூடவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இப்போது அந்தி. அவள் ஜன்னலோரம் நின்றாள். தெருவில் போன லாரி வாரியிறைத்த புழுதியில் அவன் கண் கரித்தது. அவள் இமை அசையவில்லை. எதையோ எடுப்பதுபோலக் குனிந்து பார்த்தான். அவள் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே, காகிதக் கனத்தில், வெளிச்சம்.

இருந்துட்டுப் போகட்டும். இருக்கிறாளே, அது போதும்.

"அம்மா..." உள்ளிருந்து மகள்.

"கூப்பிடறா பாரு. வந்ததுலேருந்து நீ அவளைத் தொடவே இல்லையே."

"யாரை?"

"யாரையா? நம்ம பொண்ணை!"

அவள் நெடுநேரம் யோசித்தாள். தொலைவில் எதையோ தேடுகிறவள்போல.

"அவ போய் ரொம்பக் காலம் ஆச்சேங்க" என்றாள், ஆறுதல் சொல்லும் குரலில். "நீங்களும்தான்."



அவள் உள்ளறைக்குப் போனாள். காலடி ஓசை இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான்.

மகள் இரண்டு கைகளையும் நீட்டினாள். பழைய போட்டோவைப் பார்ப்பதுபோல அம்மா பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் விழித்த கண்களின்மேல் உள்ளங்கையை வைத்து, மெதுவாகக் கீழே தடவினாள்.

கண் திறந்தது.

மறுபடி தடவினாள்.

"நான் தூங்கலம்மா."

நீட்டிய கைகளை மடக்கி நெஞ்சின்மேல் வைத்தாள். போர்வையைக் காலிலிருந்து இழுத்து முகத்துக்கு மேல் கொண்டுபோனாள். சுருக்கம் நீவினாள்.

"அவ உசுரோட இருக்காடி!"

அவள் திரும்பவில்லை. எப்போதோ போய்விட்டவன் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

போர்வை, வாய் இருக்கும் இடத்தில், குழிந்தது. எழுந்தது. குழிந்தது.

பாய்ந்து அதைப் பற்றினான். அவளுடைய மற்ற கை, குளிர்ந்து, அத்தனை பாசமாக, அவன் இமைகளின்மேல் வந்து படிந்தது.