மூன்றாவது ஸ்விட்ச்

அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம், வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரகரிடம் கொடுப்பதற்காகச் சித்தப்பாவுடன் வந்தாள் மகள். அம்மா முன்பே போய்விட்டாள். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. இனி அவள் ஒற்றை ஆள்.

பொழுது சாய்ந்திருந்தது. கீழே இருந்த ஸ்விட்சைத் தட்டி மாடிப்படி விளக்கைப் போட்டுவிட்டு ஏறினாள்.

பாதிப் படியில், மேலே எங்கோ 'டக்' என்றது. விளக்கு அணைந்தது.

அப்பா எலெக்ட்ரீஷியன். அதனால் இந்த விளக்கின் சூட்சுமம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒன்று, இடையே இரண்டு கம்பிகள். எதைத் தட்டினாலும் எரிவது அணையும், அணைந்தது எரியும். கம்பி தளர்ந்திருந்தால் விளக்கு மினுக்கும். 'டக்' என்று சத்தம் வராது. சத்தம் வந்தால், ஒரு விரல் தட்டியிருக்கிறது.

மேலே யாரும் இல்லை.

ஏறிப்போய் மேல் ஸ்விட்ச் பெட்டியைத் திருப்புளியால் கழற்றினாள். கீழிருந்து நேராக ஏறிவர வேண்டிய கம்பிகள், அம்மாவின் பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தன. நடுவில் இன்னொரு ஸ்விட்ச் இருந்தால்தான் அப்படிச் சுற்றி வரும்.

சித்தப்பாவை மேலே கூப்பிட்டாள். இருவருமாகப் பீரோவை நகர்த்தினார்கள்.

ஒரு கதவு. உள்ளே அடைபட்ட காற்றில் பவுடர் வாசனை. குட்டிக் கட்டில். அதன் தலைமாட்டில், அவள் இடுப்புக்கும் கீழே, ஒரு ஸ்விட்ச்.

அறை முழுக்கத் தூசி. ஸ்விட்சில் மட்டும் இல்லை.

"யாரோடது சித்தப்பா?"

"உங்கக்காவோடது." அவர் குரல் இறங்கியது. "உனக்கு முன்னாடி பொறந்தவ. இருட்டுன்னா நடுங்குவா. அதான் அண்ணன் அவ கைக்கு எட்டுற மாதிரி வெச்சாரு. காய்ச்சல்ல போயிட்டா. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அண்ணி சத்தியம் வாங்கிட்டாங்கம்மா."

"அப்பா தெனமும் படிக்குக் கீழ நின்னு 'தூங்குங்கம்மா'ம்பாரே. எனக்கு மரியாதை குடுக்கறார்னு நெனச்சேன்."

"உனக்கு மரியாதையா? வாயத் தொறந்தா கழுதைம்பாரு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லியிருக்காரு."

அவர் வண்டி பிடிக்கப் போனார். அவள் மெயின் பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். மின்சாரம் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் போகும். போகும்போது பியூஸ் சூடாகும். பிடுங்கிவிட்டால் வீடு செத்த வீடு.

இருண்டது.

இருட்டுக்குப் பயந்தவளை இருட்டில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று தோன்றியது. வாசல் வரை போனவள் திரும்பி, அப்பா நிற்கும் இடத்தில் நின்றாள்.

"தூங்குக்கா" என்றாள், மெதுவாக.

டக்.

மாடிப்படி விளக்கு எரிந்தது.

அவள் கைக்குள்ளே பியூஸ் சூடாகத் தொடங்கியது.