சாவிப் பலகை

பிற்பகல் 2.10. டிஸ்க் வைத்திருந்த பெட்டி காலி.

"மூணு வருஷம் காத்திருந்து கிடைச்ச மோதல்கள், அக்கா. நகல்கூட எடுக்கலை" என்றாள் ஆராய்ச்சி மாணவி, பாதுகாப்பு அதிகாரியிடம்.

பூமிக்கடியில் நூறு மீட்டர் ஆழத்தில் ஓர் அறை. பக்கத்துச் சுரங்கத்தில் ஈய அணுக்கருக்கள் தலைதெறிக்கும் வேகத்தில் மோதிக்கொண்டிருந்தன. மோதும் கணத்தில் புரோட்டான்கள் உருகி, குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்னும் கொதிகுழம்பு பிறந்து, உடனே மறையும். அதன் தடயங்களைப் பதிந்து வைத்திருந்ததுதான் அந்த டிஸ்க். அந்த அணுக்கருக்களின் கற்றை ஓடும்போது சுரங்கக் கதவும் திறக்காது, லிஃப்டும் நகராது. மாலை ஆறு மணிவரை மாணவி, அதிகாரி, எலெக்ட்ரீஷியன், பேராசிரியர் என நாலு பேரும் பொறியில் மாட்டிய எலிகள்.

பாதுகாப்பு அதிகாரியை எல்லோரும் 'கதவம்மா' என்பார்கள். அறையைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க மூணு பேரும் மேல வரவே இல்ல. அப்ப சுரங்கத்துலதான் இருக்கு. மதியம் கற்றைய நிறுத்தினப்ப நான் மேல சாப்பிடப் போயிருந்தேன். யாரு உள்ள போனீங்க?"

எல்லோரும் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தார்கள்.

"ஃபேன் மாட்டப் போனேன் மேடம். 12.42க்கு சாவிய மாட்டிக் கையெழுத்துப் போட்டுட்டு, கை கழுவப் போயிட்டேன். நான் ஒப்பந்த ஆளு. இந்தப் பழி விழுந்தா நாளைக்கு வாசல்லயே நிறுத்திடுவாங்க."

உள்ளே போகிறவர் சுவர்ப் பலகையிலிருந்து ஒரு சாவி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று குறைந்தாலும் கற்றை ஓடாது.

"நீ?" கதவம்மா மாணவியிடம் திரும்பினார்.

"மேல கன்ட்ரோல் ரூம்ல இருக்கவங்களோட ஃபோன்ல இருந்தேன் அக்கா, எதிர்ச் சுவரைப் பாத்துக்கிட்டு. 'பச்சை விளக்கு எங்க'ன்னு உயிரை எடுத்தாங்க. 12.49க்குத்தான் வந்துச்சு."

"சார்?"

"நாற்காலிய விட்டு எழுந்திரிக்கலை" என்றார் பேராசிரியர்.

கதவம்மா மேலே ஃபோன் செய்தார். மாணவி 12.30 முதல் 12.50 வரை இணைப்பிலேயே இருந்தாளாம்.

"எல்லாச் சாவியும் பலகைக்கு வந்தாத்தான் பச்சை எரியும். அண்ணன் மாட்டினது 12.42. அப்புறம் ஏழு நிமிஷம் இன்னொரு சாவி யார் பையில இருந்துச்சு சார்?"

பேராசிரியர் சிரித்தார். "திருடப் போறவன் சாவி எடுத்துக்கிட்டா போவான்?"

"வெளியாள் எடுக்க மாட்டான். முப்பது வருஷம் இங்க வேலை பாத்தவர் எடுப்பாரு. சாவி இல்லாம போனா, உள்ள ஆள் இல்லைன்னு கற்றைய விட்டுருவாங்க. உயிர் மேல ஆசை யாருக்கு இல்ல?"

அவர் சிரிப்பு நின்றது.

"உரசிப் போற மோதல்லயும் பிளாஸ்மா உண்டுன்னு ஊர் பூரா சொல்லிட்டீங்க. இவ டிஸ்க் இல்லைங்குது. கற்றைக் குழாய் பக்கத்துல போட்டா கதிர்வீச்சே அழிச்சிரும்னு கணக்கு."

"இப்ப நிறுத்தினா இன்னிக்கு ஓட்டமே போச்சு" என்றார் பேராசிரியர், மெதுவாக.

கதவம்மா மாணவியைப் பார்த்தார். அவள் சரியென்று தலையசைத்தாள். அவர் கற்றையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார். இரைச்சல் அடங்கியது.

எலெக்ட்ரீஷியன் சாவியோடு சுரங்கத்துக்குள் ஓடினார். 2.50க்கு டிஸ்கோடு வந்தார்.

"படிக்குது அக்கா!" மாணவி அழுதேவிட்டாள்.

எலெக்ட்ரீஷியன் சாவியைப் பலகையில் மாட்டி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட் திறந்தது. பேராசிரியர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.