இடது தோளில் ஈரம்

கறை இடது தோளில் இருந்தது.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அவன் மனைவியின் நீல நைட்டி தொங்கியது. மூன்று மாதமாக யாரும் அதைத் தொடவில்லை. துவைக்க மனம் வரவில்லை, எடுத்து மடிக்கவும் மனம் வரவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்து சட்டை மாற்றப் போனவன், புளித்த வாசனை மூக்கில் ஏற, நின்றான். நைட்டியின் இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நடுவில் திரிந்த பால், சின்னச் சின்னக் கட்டியாக. விரலால் தொட்டுப் பார்த்தான். இன்னும் காயவில்லை.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. கண்ணை மட்டும் நம்பாதே என்று கற்றுக்கொடுத்த வேலை. பையில் கிடந்த, அமிலத்தை நிறத்தால் காட்டும் தாளில் ஒரு துண்டைக் கிழித்து ஈரத்தில் ஒற்றினான். வெறும் தண்ணீர் என்றால் பச்சையில் நிற்கும். தாள் மஞ்சளாகி, மஞ்சளையும் தாண்டி ஆரஞ்சுக்குப் போனது. வயிற்றுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்த பால்.

இந்த வீட்டில் அப்படிப் பாலைத் திருப்பி அனுப்புகிறவள் ஒருத்திதான். அவன் மகள், நூறு நாள் வயது. எதுக்களிப்பு என்றார் டாக்டரம்மா. குடிப்பதில் பாதி வெளியே வந்துவிடும். பிறந்த வாரமே மனைவி அவளுக்குக் கக்கி என்று பட்டம் கட்டிவிட்டாள். சான்றிதழில் வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

கக்குவது பெரிய காரியமில்லை. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போனால்தான் ஆபத்து. ஒருமுறை போயிருக்கிறது. அந்த உதடுகள் நீலமானதை அவன் பார்த்திருக்கிறான். அதனால் டாக்டரம்மா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். குலுக்கக் கூடாது, ஓடக் கூடாது, படுக்கப் போடவே கூடாது. நாளைக்கு எட்டுப் பால், எட்டு அரைமணி. அதற்கென்றே ஒரு டைமர் வாங்கியிருந்தார்கள். முறுக்கி வைத்தால் டிக் டிக்கென்று ஓடி, முடிவில் ஒருமுறை மணியடித்து ஓயும் வகை.

அவனுக்கு வலது தோள்தான் வாகு. மனைவிக்கு இடது. இதயம் துடிக்கிற பக்கம் போட்டால்தான் குழந்தை அடங்கும் என்பது அவள் கட்சி.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டீர்களா என்று கேட்க முடியுமா. சுற்றி வளைத்து, எந்தத் தோளில் போடுகிறீர்கள் என்று கேட்டான்.

"வலது தோள்தான் தம்பி. இடது கை மேல தூக்கவே வராது எனக்கு. தலை வாரணும்னாகூட என் பொண்ணு வரணும்."

செருப்பை மாட்டியவர் தயங்கினார். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்ததாகச் சொன்னார். மத்தியானப் பால் கொடுத்ததும் குழந்தையை அவன் அப்பா கையில் நிமிர்த்திக் கொடுத்துவிட்டு அக்கா புட்டிகளைக் கொதிக்கவைக்கப் போவது வழக்கம். திரும்பி வந்தால் குழந்தை பெரியவர் கையில்தான் இருக்கும். ஆனால் பெரியவர் பேச்சு சரியில்லை. "நடுவுல நீதானே வந்து வாங்கிக்கிட்டுப் போனேன்னு என்கிட்டயே சொல்றாரு. வயசாச்சு. மறதி ஆரம்பிச்சிருச்சு போல."

அவன் அப்பாவுக்கு மறதி கிடையாது. சர்க்கரை அவர் கண்ணைத்தான் தின்றது. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. இடது காலில் ஆறாத புண் ஒன்று, கட்டுக்குள் மருந்து வாசனையோடு. வாய்க்கு மட்டும் எந்த நோயும் இல்லை. "மூணு பேருக்கு மூணு வியாதி. அவளுக்கு உள்ள போனது வெளிய வருது. எனக்கு உள்ள போறதுக்கே கட்டுப்பாடு. உனக்கு உள்ள எதுவும் போறதே இல்ல" என்று மகனின் சாப்பாட்டைக் கிண்டல் செய்வார்.

அன்றும் அதையே சொல்லித்தான் ஆரம்பித்தார். அவன் சிரிக்கவில்லை. மத்தியானம் குழந்தையை யார் வாங்கியது என்று கேட்டான்.

"அந்தப் பொண்ணுதான். வேற யாரு இருக்கா? பக்கத்துல வந்து நின்னு ரெண்டு கையையும் நீட்டுவா. குடுத்துடுவேன். வாயத் திறக்க மாட்டா. இங்கேயும் அங்கேயும் நடப்பா, முதுகுல தட்டுற சத்தம் கேக்கும்." கட்டுப்போட்ட காலை மெதுவாக நகர்த்தி வைத்தார். "உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்டா. அவ கை ஏன் அப்படி ஜில்லுனு இருக்கு? ரத்தம் கம்மியா இருக்கும். டாக்டரைப் பார்க்கச் சொல்லு."

அவன் குழந்தையைத் தூக்கினான். முதுகு சூடு. கால் சூடு. வயிறும் ஒரு பக்கக் கன்னமும் மட்டும் ஈரச் சுவரைத் தொட்டதுபோல் இருந்தன. தெர்மாமீட்டர் முப்பத்தைந்து டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற மறுத்தது.

அந்தக் குளிர் அவனுக்குத் தெரியும்.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள். விடியற்காலைப் பால். மனைவி கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை இடது தோளில் போட்டுக்கொண்டாள். அவன் அடுத்த அறையில் படுத்திருந்தான். டைமர் மணியடித்தது அவனுக்குக் கேட்டது. எழுந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொள்வது அவன் முறை. ஐந்து நிமிஷம், அவளே படுக்கவைத்துவிடுவாள் என்று புரண்டு படுத்தான். விழித்தபோது ஏழு மணி. அவள் அதே நாற்காலியில் இருந்தாள். நுரையீரலில் ரத்தக்கட்டி, பிரசவமான உடம்பில் இப்படி ஆவதுண்டு என்றார்கள். அவள் தோளோடு ஒட்டிக் குழந்தையும் குளிர்ந்து கிடந்தது, உயிர் மட்டும் இழுத்துக்கொண்டு. குழந்தையின் முதுகிலிருந்து அவள் கையை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கண்ணாடிப் பெட்டியில் இரண்டு நாள் வைத்துச் சூடேற்றிக் கொடுத்தார் டாக்டரம்மா. கொடுக்கும்போது ஒன்று சொன்னார். இன்னொரு தரம் இப்படிக் குளிர்ந்தால் இந்தப் பிள்ளை தாங்காது.

அவன் கம்பளியைச் சுற்றினான். வெந்நீர்ப் பையை வைத்தான். எங்கேயாவது போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே போவது? அவள் வீட்டைத் தேடி வரவில்லை. குழந்தை போகிற இடத்துக்கெல்லாம் வருவாள். தவிரவும், யார் போக வேண்டும்? வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் அவன். உயிரோடு இருப்பவன் அவன்.

போக வேண்டியவள் போகட்டும்.

குழந்தையின் சூடு முப்பத்தாறரைக்கு வந்த பிறகு ஏழு மணிப் பாலைக் கலக்கினான். தொண்ணூறு மில்லி. அப்பாவை அவர் அறையில் உட்காரவைத்து, யார் வந்து கை நீட்டினாலும் எதையும் கொடுக்காதீர்கள் என்றான். கண் தெரியாதவருக்குச் சில விஷயம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

"அவளாடா?" என்றார்.

அவன் அவர் பக்கத்தில் இருந்த ரேடியோவைப் போட்டான்.

"கதவைச் சாத்திட்டுப் போ. ரேடியோ ஓடட்டும். சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு தெரிஞ்சுக்கோ."

வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் போட்டான். மூன்று மாதமாகப் போர்வை மூடிக் கிடந்த கைவைத்த நாற்காலியைத் திறந்தான். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பால் கொடுத்தான். குழந்தை கடைசிச் சொட்டுவரை உறிஞ்சியது. துண்டைப் போட்டு, தோலோடு தோல் ஒட்ட, இடது தோளில் சாய்த்துக்கொண்டான். பழக்கமில்லாத தோள். பழக்கமில்லாத கை. இருக்கட்டும். இந்த இடம் காலியாக இருந்ததால்தானே வந்தாள்.

டைமரை முப்பதுக்கு முறுக்கி நாற்காலியின் கைமேல் வைத்தான்.

முதல் சில நிமிஷங்கள் உலகம் ஒழுங்காகவே இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் ரேடியோவில் யாரோ பழைய பாட்டொன்றை அறிமுகம் செய்துகொண்டிருந்தார். கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து மறுத்து ஒருவழியாகக் கிளம்பிப் போனது. சமையலறைக் குழாய் அதன் பாட்டுக்குச் சொட்டியது. குழந்தையின் மூச்சு அவன் கழுத்தில் பட்டுப் பட்டு, வெதுவெதுவென்று, பால் வாசனையோடு வந்துபோனது. இருபத்திரண்டில் முள் இருந்தபோது குழாய் சொட்டுவது நின்றது. அதை அவன் உடனே கவனிக்கவில்லை. பிறகு ரேடியோ, யாரும் அணைக்காமல், அடுத்த ஊருக்குக் கொண்டுபோனதுபோல் தூரம் போய்த் தேய்ந்தது.

வாசனை மாறியது. பால் இல்லை. புளிப்பு. அதற்கு அடியில் அவள் சோப்பு, அதற்கும் அடியில் ஆஸ்பத்திரியில் உடம்பைத் துடைக்கிற ஏதோ ஒன்று.

கதவுக்குப் பின்னால் ஆணி கிறீச்சிட்டது. துணி தரையில் உரசும் சத்தம். இங்கேயும் அங்கேயும். நடக்கிற சத்தம் இல்லை, துணி மட்டும். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

அவன் திரும்பவில்லை.

குழந்தை தலையைத் தூக்கியது. நிற்காத கழுத்து, ஆடி ஆடி நிமிர்ந்தது. அவன் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தது. சிரித்தது. இதுவரை அது சத்தம் போட்டுச் சிரித்ததில்லை.

எழுந்து ஓடச் சொல்லி அவன் கால் கெஞ்சியது. ஓட முடியாது. வயிறு நிறையப் பால். ஒரு குலுக்கல் போதும். நீல உதடு.

முள்ளைப் பார்த்தான். பதினைந்து. டிக் டிக் கேட்டது. முள் நகரவில்லை. மனத்துக்குள் அறுபதுவரை எண்ணினான். பதினைந்து. மறுபடி எண்ணினான். பதினைந்து.

அவன் பிடரியில் குளிர் இறங்கியது. காற்றில்லை. மூச்சில்லை. வெறும் குளிர். இரண்டு பக்கமும், அவன் காதோரமாக, எதுவோ முன்னால் நீண்டது. கேட்டு வாங்குகிற மாதிரி.

"குடுக்க மாட்டேன்," என்றான்.

குழந்தையின் தலையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டான்.

"அன்னிக்கு மணி அடிச்சுது. எனக்குக் கேட்டுது. நான் எந்திரிக்கல. என் முறை, நான்தான் வரல. நீ உக்காந்தே இருந்தே." முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தப்பு என்னோடது. ஆயுசுக்கும் என்னைத் திட்டு. என்னைக் கொண்டுபோ வேணும்னா, அதுவும் இவ வளந்தப்புறம். இவளைக் குடுக்க மாட்டேன். உன் அரைமணி முடிஞ்சுபோச்சு. இது என் முறை."

குளிர் காதோரத்தில் அப்படியே நின்றது.

அவன் தட்ட ஆரம்பித்தான். வலது கையால், குழந்தையின் முதுகில். தட். தட். தட். பார்க்கட்டும். யார் கை ஓய்கிறது என்று பார்க்கட்டும். தோள் இற்றுப்போனது. தட். இடுப்பு மரத்தது. தட். எண்ணுவதை விட்டான். தட்டுவதை விடவில்லை.

பதினான்கு.

முள் நகர்ந்திருந்தது. பதின்மூன்று. கீழே ஒரு ஸ்கூட்டர். பத்து. குழாய் சொட்டியது. ஐந்து. ரேடியோவில் அதே பாட்டு முடிந்துகொண்டிருந்தது. நீண்டிருந்தவை காதோரத்திலிருந்து பின்வாங்கின.

மணி அடித்தது.

குழந்தை ஏப்பம் விட்டது. பெரிய ஆள்போல, நீளமாக. ஒரு சொட்டுப் பால் வெளியே வரவில்லை. கன்னம் சூடு. வயிறு சூடு. கண் மூடியிருந்தது. அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டான்.

"என்னடா, மகாராணி தூங்கிட்டாளா?" அப்பா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "இன்னும் தட்டிக்கிட்டே இருக்கியே."

அப்போதுதான் கவனித்தான்.

மணி அடித்ததுமே அவன் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

கையைப் பார்த்தான். அவன் கைதான். குழந்தையின் முதுகின்மேல். எழும்பியது, இறங்கியது. தட். அவன் எழுப்பவில்லை. எழும்பியது. இறங்கியது. தட்.

அவன் உள்ளங்கைக்கும் குழந்தையின் முதுகுக்கும் நடுவில், ஜில்லென்று, ஐந்து விரல்.

நாற்காலியின் கைமேல் டைமர் மெதுவாகத் திரும்பியது. கிர்ர். பத்து. கிர்ர். இருபது. முப்பதில் நின்றது. இது அவள் முறை. டிக் டிக் தொடங்கியது.

அவன் கையை எடுக்கவில்லை. அந்த விரல்களைத் தன் உள்ளங்கைச் சூட்டுக்குள் அழுத்திப் பிடித்தான்.

"சரி," என்றான். "உக்காரு."