இருக்கட்டுங்க

"அந்த ஊசி எனக்கு வேண்டாமுங்! வேண்டாம் வேண்டாம்னு எத்தன வாட்டி கத்தறது?"

கோகிலவாணி இப்படிக் கூச்சலிட்டதும் கட்டிலுக்கு மேலிருந்த விளக்கு மஞ்சளாகி, பிறகு பச்சையானது. மஞ்சள் என்றால் சம்மதம் கேட்கிறார்கள் என்று பொருள். பச்சை என்றால் அவள் சம்மதித்துவிட்டாள் என்று பொருள்.

சுவரிலிருந்து ஆற்றிக்கை என்ற இயந்திரக் கை நீண்டு வந்தது. அதன் ரப்பர் விரல்கள் அவளுடைய தோளை மெத்தென்று பற்றிக்கொள்ள, ஊசி இறங்கியது. பக்கத்தில் நின்ற டாக்டர் சுகிர்தா விதிப்படி உரக்கச் சொன்னாள்: "நோயாளியின் முழுச் சம்மதத்துடன்."

சட்டப்படி இதில் பொய்யே இல்லை. முன்பெல்லாம் மனநோய் முற்றிக் கொந்தளிப்பவரை நாலு பேர் அமுக்கிப் பிடித்து, கையைக் காலைக் கட்டி, ஊசியைக் குத்துவார்கள். அந்தக் கொடுமை போதுமென்று, சம்மதமில்லாமல் எவருக்கும் ஊசி கூடாது எனச் சட்டம் வந்தது. கொந்தளிக்கிற மனிதரிடம் சம்மதம் கேட்பது எப்படி? அதற்குத்தான் தெளிவுருவைக் கண்டுபிடித்தார்கள். நிதானமாக இருக்கும் வேளையில் ஒருவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, ஊர்க்கதை பேசவிட்டு, அவருடைய பேச்சையும் போக்கையும் இயந்திரம் வாங்கி வைத்துக்கொள்ளும். பின்னால் அவர் நிதானம் இழந்தால் அந்த உருவிடம் கேட்டால் போதும். 'அவ அவளா இல்லைங்க' என்று சொந்தக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததை அரசாங்கம் சட்டமாக்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஊழியர்களையும் விட்டுவைக்கவில்லை. வேலையில் சேரும் நாளிலேயே ஆஸ்பத்திரி முதல்வரின் அறையில் காபியோடு அவர்களுக்கும் தெளிவுரு எடுத்துவிடுவார்கள். கோபத்தில் ஏதாவது செய்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாதே என்ற நல்லெண்ணம். நல்லெண்ணத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒருநாளும் குறைவில்லை.

அந்த ஊசியில் இருந்த ஆற்றியைக் கெட்ட மருந்து என்று சொன்னால் அது அநியாயம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோகிலவாணியைக் கொண்டுவந்தபோது அவள் பல நாள் தூங்காதவள். கிணற்று மோட்டார் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நடுரோட்டில் ஓடி, லாரியில் அடிபடாமல் தப்பியவள். தெளிவுரு எடுக்கும்வரை கணவன் கையெழுத்து போதுமென்று சட்டம் விட்டிருந்த முதல் ஊசியில் தூங்கினாள். எழுந்து கணவனை அடையாளம் கண்டு அழுதாள். சுகிர்தாவும் அன்று தன் அறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள். மறுநாள் அந்த நிதானத்தில்தான் கோகிலவாணியின் தெளிவுருவை எடுத்தார்கள்.

வினை அதற்குப் பிறகு வந்தது. "காலுக்குள்ள எறும்பு ஊர்றாப்பல இருக்குதுங் டாக்டரம்மா. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல" என்று வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஆற்றி சிலருக்கு இப்படி அடங்காத தவிப்பைக் கொடுக்கும். மருத்துவர்களுக்கு இது புதிதல்ல, ஊசியை நிறுத்தினால் தணிந்துவிடும். ஆனால் கட்டில் விளக்கோடு இருந்த இயந்திரக் கண்ணுக்குத் தவிப்பும் கொந்தளிப்பும் ஒன்றுதான். அவள் நடந்தாள், விளக்கு எரிந்தது, ஊசி இறங்கியது. இன்னும் வேகமாக நடந்தாள்.

நிறுத்தச் சொல்லி சுகிர்தா கேட்டுப் பார்த்தாள். நோயாளியே சம்மதித்த சிகிச்சையை மறுக்க மருத்துவருக்கு உரிமை இல்லை என்றது இயந்திரம். முதல்வர் ஒருவரால்தான் ஆற்றிக்கையை நிறுத்த முடியும். கணவன் ஈசுவரமூர்த்தியிடம் பேசியபோது அவர் இயந்திரத்தின் பக்கம் நின்றார்.

"அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறவதானுங்க என்ற பொண்டாட்டி. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு வாட்டிகூட வேண்டாம்னு சொன்னதில்லீங். இப்பக் கத்தறது அவ இல்லீங்க, சீக்குங்க."

சுகிர்தாவும் பாதி நம்பினாள். தெளிந்த மனசே சரி என்கிறபோது வேறென்ன செய்வது?

அன்று ஊசியின் மந்தம் இறங்கிய நேரத்தில் காபி வந்தது. கோகிலவாணி சுவரைப் பிடித்தபடி கால்மாற்றிக் கால்மாற்றி நின்றாள்.

"காபி குடிக்கிறீங்களா, கோகிலவாணி?"

"இருக்கட்டுங்க."

சுகிர்தா டம்ளரோடு திரும்பி நடந்தாள். நாலடி போனவள் அப்படியே நின்றாள். தான் ஏன் திரும்பினோம் என்ற கேள்வி அவளுக்கு அப்போதுதான் வந்தது. இந்தப் பெண் வேண்டாமென்று சொல்லவே இல்லையே!

"உங்களுக்குப் பிடிக்காததை யாராவது குடுத்தா என்ன சொல்லுவீங்க?"

"இருக்கட்டுங்கன்னு சொல்லுவனுங்."

"வேண்டாம்னு சொல்ல மாட்டீங்களா?"

கோகிலவாணி அந்தத் தவிப்பிலும் திகைத்துப்போனாள். "மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொன்னா அவிய மனசு சங்கடப்படாதுங்களா?"

சுகிர்தா டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டு தெளிவுருக்களை வைத்திருக்கும் உருவறைக்கு ஓடினாள். கோகிலவாணியின் தெளிவுருவிடம் கேட்ட கேள்விகளையும் அதன் பதில்களையும் குரலாகவே போடச் சொன்னாள். அதுவரை யாரும் குரலைக் கேட்டதில்லை. விளக்குதான் இருக்கிறதே!

"உங்களுக்கு ஆற்றி ஊசி போடலாமா?" என்றது இயந்திரம்.

"இருக்கட்டுங்க" என்றது கோகிலவாணியின் நிதானமான குரல்.

"சம்மதம்."

அடுத்த பதிவு. "இருக்கட்டுங்க. உங்களுக்கு எதுக்குங் சிரமம்?"

"சம்மதம்."

இன்னொன்று. "இருக்கட்டுங்க சாமி. போதுமுங்க, இருக்கட்டுங்க."

"சம்மதம்."

சுகிர்தா பதிவை நிறுத்தினாள். வெளியே இருந்தவள் கத்தி மறுத்திருக்கிறாள். உள்ளே இருந்தவள் கைகூப்பாத குறையாக மறுத்திருக்கிறாள். ஒரே பெண் இரண்டு வாயாலும் மறுத்த ஊசியை, 'முழுச் சம்மதத்துடன்' என்று உரக்கச் சொல்லிச் சொல்லி சுகிர்தா போடவைத்திருக்கிறாள். இயந்திரம் செய்தவர்கள் அகராதியைப் பார்த்திருக்கிறார்கள். 'இருக்கட்டும்: இருப்பதற்கு இசைவு தருதல்.' இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. யார் வீட்டிலாவது ஒருநாள் சாப்பிட உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

முதல்வர் வைரவநாதன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவரும் விருந்தாளிகளுக்குப் பரிமாறி வளர்ந்தவர்தான். கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

"அடடா! நம்ம ஜனங்களே அப்படித்தான். நேரா ஒரு வார்த்தை வராது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா இது எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஓடுதும்மா. இதுவரைக்கும் வாங்கின சம்மதத்துல எது சம்மதம், எது மறுப்புன்னு கிளற ஆரம்பிச்சா என்ன ஆகும்? மறுபடியும் கயித்த எடுத்துக் கட்டச் சொல்றீங்களா?"

"மத்ததை அப்புறம் பாக்கலாம் சார். இந்தம்மாவுக்கு இன்னிக்குச் சாயங்கால ஊசியை நிறுத்திடுங்க. அது போதும்."

"ஒருத்தருக்கு நிறுத்தினா காரணம் எழுதணுமே. ஒண்ணு செய்யலாம். ஆராய ஒரு குழு போடறேன். நீங்கதான் தலைவர். நிதானமா பாத்துச் சொல்லுங்க, அதுவரைக்கும் எதையும் தொட வேண்டாம். என்ன சொல்றீங்க?"

சுகிர்தாவையும் ஒழுங்காகத்தான் வளர்த்திருந்தார்கள். பெரியவர் கொடுப்பதைத் தட்டுகிறபோது வருகிற சொல், அவளைக் கேட்காமலே வந்துவிட்டது.

"இருக்கட்டும் சார்."

"நல்லது. அப்ப அப்படியே இருக்கட்டும்" என்று எழுந்தார் வைரவநாதன்.

அவருக்குப் புரியாமல் இல்லை. அதுதான் சுகிர்தாவைச் சுட்டது. இயந்திரத்துக்காவது தமிழ் தெரியாது. இந்த மனிதருக்குத் தெரியும்.

"வேண்டாம்னு சொன்னேன்!" மேசையை ஓங்கி அறைந்தாள். "உங்க குழுவும் வேண்டாம், பதவியும் வேண்டாம்! அந்த ஊசியை நிறுத்துங்க. நிறுத்தலைன்னா வெளியில போய் ஊரெல்லாம் சொல்லுவேன்!"

மேசை விளக்கு மஞ்சளானது. மருத்துவர்களை வெளியாட்கள் தாக்கிய காலத்திலிருந்து எல்லா அறைகளிலும் விளக்கு உண்டு, சுவருக்குள் ஆற்றிக்கையும் உண்டு.

வைரவநாதன் குரலைத் தாழ்த்தினார். வார்டில் பேசுகிற குரல் அது. "சுகிர்தா, நீங்க நீங்களா இல்ல. பயப்படாதீங்க. உங்ககிட்ட கேக்காம எதுவும் நடக்காது."

"டாக்டர் சுகிர்தா, உங்களுக்கு ஆற்றி ஊசி போடலாமா?" என்று இயந்திரம் கேட்டது, அவளிடம் அல்ல.

இதே அறை, இதே நாற்காலி. வேலையில் சேர்ந்து தெளிவுரு எடுத்த அந்தக் காலையில் வைரவநாதன் பாலாடை மிதக்கும் காபியை அவள் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கங்கம்மா" என்று உபசரித்தார். ஆடையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். புது இடம், பெரிய மனிதர், முதல் நாள். சிரித்த முகத்தோடு அவள் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தாள்.

"வேண்டாம்! வேண்டாம்!" என்று கதவை நோக்கி ஓடினாள் சுகிர்தா.

விளக்கு பச்சையானது.

"ரொம்ப நன்றி, டாக்டர்" என்றார் வைரவநாதன், விளக்கைப் பார்த்து.